வானூர்தி நிலையச் சோதனையும் மாறிக்கொண்டேயிருக்கும் விதிகளும்

(ரொறன்ரோவில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் சந்திப்பொன்றில் எமது தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"போன முறை விட்டவங்கள், இந்த முறை பறிச்சு எறிஞ்சு போட்டாங்கள்." ஊருக்குப் போய் வந்த எவரைக் கேட்டாலும் இந்த ஒரு வாக்கியத்தையாவது கூறாமல் விடமாட்டார்கள். எறியப்பட்டது ஒரு போத்தல் நல்லெண்ணெயாக இருக்கலாம். மாங்காய் ஊறுகாயாக இருக்கலாம். அக்கா வறுத்து இடித்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூளாக இருக்கலாம். பொருளின் விலை பெரிதல்ல. வரிசையில் பின்னால் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, எதற்காகத் தடுக்கப்பட்டோம் என்பதே விளங்காமல் நிற்பதுதான் எம்மவரை வருத்துகிறது. சோதனையே வேண்டாம் என்று வாதிட நான் இங்கு வரவில்லை. விதிகள் ஏன் மாறுகின்றன, எங்கே மாறுகின்றன, அவை மாறும்போது எம்முள் யார் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதையே பேச விரும்புகிறேன்.

கனடாவில் வாழும் நாம் இந்தச் சோதனையின் தேவையை மறுக்கவே முடியாது. 1985ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் கடலுக்கு மேலே ஏர் இந்தியா 182 வெடித்துச் சிதறியபோது 329 உயிர்கள் மாண்டன. அவர்களிற் பெரும்பாலானோர் கனடியர்கள். இந்திய வம்சாவளிக் குடும்பங்கள். குண்டு இருந்த பொதி வன்கூவரில் ஏற்றப்பட்டது. அதற்குரிய பயணி வானூர்தியில் ஏறவேயில்லை. ரொறன்ரோவில் பொதிகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஊடுகதிர் இயந்திரம் அன்று இடைநடுவில் பழுதடைந்தது. இன்று ஒரு பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்கும்வரை வானூர்தி காத்து நிற்கிறதே, அப்போது நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோமே, அந்தத் தாமதத்தின் பின்னால் இந்த 329 பேர் இருக்கிறார்கள்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்பவன். எங்கள் துறையில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அவசரமாக ஒரு ஒட்டுப் போடுவோம். வானூர்தி நிலைய விதிகளும் அப்படித்தான் வளர்ந்தன. 2001 டிசெம்பரில் பாரிசிலிருந்து மயாமி சென்ற வானூர்தியில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து வைத்திருந்தான்; அமெரிக்காவில் காலணிகள் கழன்றன. 2006 ஓகஸ்ட் 10ஆம் நாள், குளிர்பானப் போத்தல்களில் திரவ வெடிமருந்து கொண்டு செல்லும் சதித்திட்டம் பிரித்தானியாவில் முறியடிக்கப்பட்டது. அன்று காலையே எல்லாத் திரவங்களும் கைப்பையிலிருந்து தடை செய்யப்பட்டன. சில வாரங்கள் கழித்து அத்தடை தளர்ந்து, இன்று நாம் அறிந்த 100 மில்லிலீற்றர் விதியாக மாறியது. 2009ஆம் ஆண்டு நத்தார் நாளில் டெற்றோயிற் நோக்கிப் பறந்த வானூர்தியில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்துடன் பிடிபட்டான். அதன்பின் சில வாரங்களுக்கு, கனடாவிலிருந்து அமெரிக்கா செல்வோர் ஒருசில விதிவிலக்குகள் தவிரக் கைப்பையே கொண்டு செல்ல முடியவில்லை. உடல் வருடிகளும் பெருகின.

ஒட்டுப் போடுவது எளிது. போட்ட ஒட்டைக் கழற்றுவதற்குத்தான் எவருக்கும் துணிவு வருவதில்லை. ஏனெனில் கழற்றிய மறுநாள் ஏதேனும் நடந்துவிட்டால் கையெழுத்திட்டவரையே ஊர் கேட்கும். காலணி விதியை அமெரிக்கா நீக்கியது 2025 யூலையில். அந்தக் காலணிக்காரன் பிடிபட்டு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல்!

கழற்றிய ஒட்டை மீண்டும் ஒட்டுவதும் உண்டு. கணினிவழிக் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் புதிய வருடிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள்; மருத்துவமனையில் தலையைப் படம் பிடிக்கும் இயந்திரத்தின் உறவினர் அவை. பழைய ஊடுகதிர் இயந்திரம் பையை ஒரு நிழலாகவே காட்டும். எனவேதான் மடிக்கணினியை வெளியே எடுக்கச் சொன்னார்கள். புதியது பையை எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்க்க வைக்கிறது. பொருளின் அடர்த்தியையும் கணக்கிடுகிறது. இவற்றை நம்பிப் பிரித்தானியாவில் சில சிறிய வானூர்தி நிலையங்கள் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாட்டை நீக்கின. 2024 யூனில் அரசு மீண்டும் அதைக் கொண்டு வந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாறே செய்தது. 2025 யூலையில் எடின்பரோ நிலையம் இரண்டு லீற்றர் வரை அனுமதிக்கத் தொடங்கியது. ஆக, இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே போத்தல் தண்ணீர் ஓரிடத்தில் குற்றமாகவும் இன்னோரிடத்தில் குற்றமற்றதாகவும் மாறி மாறி இருந்திருக்கிறது. செய்தி படிப்பவருக்கே தலை சுற்றும்போது, எங்கள் அம்மம்மா என்ன செய்வார்?

ஊர் விட்டு ஊர் போவானேன்? ஒரே நிலையத்திலேயே இரண்டு சட்டங்கள் உண்டு. 2017 நவம்பர் 27 முதல் கனடாவில், ஆறு சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறு கத்தியைக் கைப்பையில் கொண்டு செல்லலாம். ஆனால் அமெரிக்கா செல்லும் வானூர்தி என்றால் கூடாது. வன்கூவருக்குப் போகும் பெரியப்பாவின் பழம் வெட்டும் கத்தி உள்ளே போகும்; நியூ யோர்க்குக்குப் போகும் சித்தப்பாவினுடையது குப்பைக்குப் போகும். அமெரிக்காவும் 2013 மார்ச்சில் இதே ஆறு சென்ரிமீற்றர் விதியை அறிவித்ததுதான். பணிப்பெண்களும் வானூர்தி நிறுவனங்களும் எதிர்த்தமையால் யூனில் அதனைக் கைவிட்டது.

இனி எங்கள் சமையலறைக்கு வருவோம். இங்குதான் விதி எங்களைக் குறிப்பாகத் தொடுகிறது.

முதலில் திரவம். சோதனையாளரின் அகராதியில் திரவம் என்பது ஊற்றக்கூடியது மட்டுமல்ல. பூசக்கூடியதும் பிதுக்கக்கூடியதும் திரவமே. தயிர், நெய், ஊறுகாய், பாணிப் பதத்தில் இருக்கும் எதுவும் இதற்குள் அடங்கும். அவர்கள் பார்ப்பது கொள்கலனின் அளவை. உள்ளே இருக்கும் அளவையல்ல. இருநூறு மில்லிலீற்றர் போத்தலின் அடியில் இரண்டு கரண்டி நெய் இருந்தாலும் அது நில்லாது. மருந்துக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும் விலக்கு உண்டு. அவற்றைத் தனியே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தூள். 2017ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் ஒரு சதித்திட்டம் முறியடிக்கப்பட்டதன் பின், 2018 யூன் 30 முதல், வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் பறப்போரின் கைப்பையில் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் எதுவாயினும் மேலதிக சோதனைக்கு உட்படும். சோதித்தும் தெளிவாகாவிட்டால் அனுமதிக்கப்படாது. மிளகாய்த்தூளும் அதில் அடக்கம். அவுஸ்திரேலியாவும் அதே நாளில் ஒரு தூள் விதியைக் கொண்டு வந்தது; ஆனால் அது உப்பு, மணல் போன்ற கனிமத் தூள்களுக்கு மட்டுமே. உணவுத்தூளுக்கு அந்த எல்லை இல்லை. கனடாவிலும் கனிமத் தூளுக்கே 350 மில்லிலீற்றர். எனவே ஒரே மிளகாய்த்தூள் சிட்னிக்கு ஒரு சட்டம், நியூவார்க்குக்கு வேறு சட்டம். என் பொறியியல் மூளைக்குத் தோன்றும் வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வேதியியற் கணக்கின்படி கறித்தூள் தப்பிவிடும், திருநீறுதான் மாட்டிக்கொள்ளும், சாம்பல் கனிமமாயிற்றே! திருநீற்றைக் கிலோக் கணக்கில் எவரும் கொண்டு போவதில்லை என்பதால் பிழைத்தோம்.

தேங்காய்க்கும் ஒரு கதை உண்டு. கொப்பரா, அதாவது உலர்ந்த தேங்காய், ஆபத்தான பொருட்களின் உலகப் பட்டியலில் 1363 என்ற இலக்கத்துடன் இடம்பெற்றுள்ளது. எண்ணெய்ச் செறிவினால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதே காரணம். "தேங்காயைக் கண்டும் பயப்படுகிறான் வெள்ளைக்காரன்" என்று சிரிக்க வேண்டாம். விதிக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. அதே வேளையில், விதியை வகுப்போர் மக்களின் வழக்கத்தையும் மதிக்க முடியும் என்பதற்கு இந்தியா ஓர் எடுத்துக்காட்டுத் தந்தது. 2024 ஒக்ரோபரில், சபரிமலை செல்லும் அடியார்கள் இருமுடியிலுள்ள தேங்காயைக் கைப்பொதியாகக் கொண்டு செல்ல, 2025 சனவரி 20 வரை சிறப்பு அனுமதி வழங்கப்பட்டது. சோதனைகள் எல்லாம் வழமைபோல் நடைபெற்றன. தேங்காயும் உடன் சென்றது. கேட்டால் கிடைக்கும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இளையோருக்கு ஒரு கணக்கு. பவர் பாங்க் என்று நாம் அழைக்கும் மின்சேமிப்புப் பெட்டிக்கு விதி தலைகீழானது. திரவத்தைப் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். மின்கலத்தையோ பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது என்கிறார்கள். தீப்பற்றினால் அணைக்க மனிதர் அருகில் இருக்க வேண்டும். எல்லை 100 வாற்று-மணி. பெட்டியின் மேல் எழுதியிருப்பது மில்லி அம்பியர்-மணி, அதனை 3.7ஆற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் விடை வரும். 20,000 என்றால் 74, தாராளமாகச் செல்லும். 30,000 என்றால் 111. வானூர்தி நிறுவனத்தின் முன்னனுமதி வேண்டும். 2025 சனவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்படவிருந்த வானூர்தி ஒன்று தீப்பற்றியது. பவர் பாங்க் காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு அமைச்சு பின்னர் தெரிவித்தது. அதன்பின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விதியை இறுக்கின. எமிரேற்ஸ் 2025 ஒக்ரோபர் முதல் ஒருவருக்கு ஒன்று மட்டுமே என்றும், பறக்கும்போது அதனைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அறிவித்தது. டுபாய் வழியாக ஊருக்குப் போவோர் எத்தனை பேர் இங்கு இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இதுவரை கூறியவை எண்ணெயும் தூளும் மின்கலமும். இனிக் கூறப்போவது அவ்வளவு இலகுவானதன்று.

எங்கள் தன்னார்வலர் ஒருவரின் தாயார், எழுபதைக் கடந்தவர், கணவரின் அஸ்தியைக் கீரிமலையில் கரைப்பதற்காகத் தனியே புறப்பட்டார். அஸ்தியைப் புத்தம்புதிய பித்தளைச் செம்பொன்றில் இட்டு, வாயைச் சிவப்புப் பட்டினாற் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு போகத்தான் அவர் எண்ணியிருந்தார். ஊடுகதிர் பித்தளையை ஊடுருவாது. திரையில் தெரிந்தது கறுப்பு உருண்டை ஒன்று மட்டுமே. அதிகாரி ஏதோ கூறினார். திறந்து காட்டச் சொல்கிறார் என்று எண்ணிய அம்மா பட்டை அவிழ்க்கத் தொடங்கினார். அதிகாரி இரு கைகளையும் நீட்டி வேண்டாம், வேண்டாம் என்றார். உண்மையில் அவர் மரியாதை காரணமாகவே தடுத்தார். இறந்தவரின் சாம்பல் இருக்கும் கொள்கலனை, பயணியே கேட்டாலும் தாம் திறக்கமாட்டோம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு விளங்கியது, இவர் என் கணவரைத் தொட மறுக்கிறார் என்பது மட்டுமே. இருபது நிமிடம் இருவரும் இரண்டு மொழிகளில் ஒருவரையொருவர் மன்றாடினார்கள். முடிவில் செம்பு ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்டு, மற்றப் பொதிகளோடு வானூர்தியின் அடிவயிற்றில் சென்றது. ஊர் போய்ச் சேர்ந்தது, கரைத்தும் ஆயிற்று. ஆனாலும் "அவரைப் பெட்டிக்க போட்டெல்லோ அனுப்பினனான்" என்று அந்த அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மரப்பெட்டி, நெகிழிக் கொள்கலன் அல்லது துணிப்பை என்றால் ஊடுகதிர் உள்ளே பார்த்திருக்கும். மடியிலேயே கொண்டு சென்றிருக்கலாம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பயணச்சீட்டு விற்ற முகவர் சொல்லவில்லை, ஈமக்கிரியை நிலையத்தார் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இணையத்தில் எழுதியிருக்கிறதே என்பது பதிலாகாது. தயவுசெய்து இதனை உங்கள் உறவினர் அனைவருக்கும் அறிவியுங்கள்: அஸ்திக்கு உலோகச் செம்பு வேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்த பின் செம்புக்கு மாற்றிக்கொள்ளலாம். எரிப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது முறைப்பாடு பற்றி. எம்மவரில் ஒரு சாரார் அங்கேயே நின்று அதிகாரியோடு சண்டை பிடிப்பார்கள். பெரும்பாலானோர் ஒன்றும் பேசாமல் வந்து வீட்டில் பொரிந்து தள்ளுவார்கள். இரண்டாலும் பயனில்லை. கனடாவில் விதியை வகுப்பது போக்குவரத்து அமைச்சு. நடைமுறைப்படுத்துவது 2002இல் உருவாக்கப்பட்ட வான் போக்குவரத்துப் பாதுகாப்பு அதிகாரசபை. உங்கள் முன்னால் கையுறையுடன் நிற்பவர், அந்தச் சபையுடன் ஒப்பந்தம் செய்த நிறுவனமொன்றின் ஊழியர். அவரால் விதியை மாற்ற முடியாது. ஆகவே அவரோடு விதியைப் பற்றி வாதிடுவது வீண். ஆனால் அவர் உங்களை நடத்திய முறை தவறென்றால், நாள், நேரம், வாயில், வரிசை இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அதிகாரசபைக்கு எழுதுங்கள். உடற்சோதனை செய்வதாயின் பெண்களைப் பெண்ணே சோதிக்க வேண்டும். தனியறை கேட்கலாம். தாலிக்கொடியைப் பலர் முன்னிலையில் இழுத்துக் காட்ட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. இவை யாரும் எமக்கு இடும் பிச்சையல்ல. பயணச்சீட்டோடு சேர்த்துப் பாதுகாப்புக் கட்டணமும் நாம் கட்டுகிறோம்.

"கலாமையே சோதித்தார்கள், நாங்கள் எம்மாத்திரம்?" என்று கூறுவோரும் உண்டு. உண்மைதான். 2009 ஏப்ரலில் தில்லியில் அமெரிக்க வானூர்தி நிறுவனமொன்றின் ஊழியர்கள் அவரைச் சோதித்தார்கள். 2011 செப்டெம்பரில் நியூ யோர்க்கில், வானூர்தியில் ஏறி அமர்ந்த பின் அவருடைய மேலங்கியையும் காலணியையும் சோதனைக்கு எடுத்துச் சென்றார்கள். இரு முறையும் அவர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். ஆனால் இரு முறையும் பின்னர் மன்னிப்புக் கேட்கப்பட்டது. அது தானாக வரவில்லை. ஒரு நாடே எழுந்து கேள்வி கேட்டதால் வந்தது. எங்கள் அம்மாவுக்காகக் கேள்வி கேட்கத் தூதரகம் எதுவும் வராது. நாம்தான் எழுத வேண்டும்.

எழுதினால் என்ன நடக்கும் என்பீர்கள். 2007இல் கனடா பறப்புத் தடைப் பட்டியலொன்றை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பட்டியலிலுள்ள ஒருவரின் பெயரை ஒத்த பெயர் இருந்த ஒரே காரணத்தினால், பால்குடி மறவாத பிள்ளைகள் கூட வானூர்தி நிலையங்களில் மறிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்று சேர்ந்தார்கள். பல மதத்தவர், பல நாட்டவர். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார்கள். பல ஆண்டுகள் விடாது எழுதினார்கள். 2020 நவம்பரில், பெயர் ஒற்றுமையால் அல்லற்படுவோருக்கெனக் கனடியப் பயண இலக்கம் என்ற தீர்வு வந்தது. தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி, ஒரே பெயரில் ஐம்பது பேர் வாழும் எங்கள் சமூகத்துக்கு இது மிகவும் வேண்டிய ஒன்று. அடிக்கடி மறிக்கப்படும் இளைஞர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

இளையோரிடம் சில கேட்க விரும்புகிறேன். உங்கள் அம்மம்மாவோ அப்பப்பாவோ பயணம் போகும்போது, ரொறன்ரோ நிலையத்தின் விதியை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். இடையில் மாறும் ஒவ்வொரு நிலையத்திலும் அவர்கள் மீண்டும் சோதிக்கப்படலாம். 2017 மார்ச்சில், எட்டு நாடுகளின் பத்து வானூர்தி நிலையங்களிலிருந்து அமெரிக்கா வருவோர் மடிக்கணினியைக் கையில் வைத்திருக்கக் கூடாதென்று திடீரெனத் தடை வந்தபோது, டுபாயிலும் டோகாவிலும் மாறிய எங்கள் துறை நண்பர்கள் பலர் தவித்தார்கள். பயணச்சீட்டு வாங்கிய நாளில் இல்லாத விதி, பயண நாளில் இருந்தது. அத்தடை யூலைக்குள் நீக்கப்பட்டும் விட்டது. எனவே பயணத்துக்கு முந்திய இரவு ஒருமுறை, ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும், அந்தந்த நிலையத்தின் சொந்தப் பக்கத்தையே பாருங்கள். மாமா சொன்னார், முகநூலில் கண்டேன் என்பன வேண்டாம்.

நடக்கக்கூடிய முதியோருக்கும் எம்மவர் சக்கர நாற்காலி கேட்பதைச் சிலர் கேலி செய்வார்கள். நான் செய்யமாட்டேன். அறிவிப்புப் பலகை வாசிக்கத் தெரியாதவருக்கு அந்த நாற்காலியைத் தள்ளுபவர்தான் கண். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன் நிறுவனத்துக்கு அறிவித்துவிடுங்கள்.

இறுதியாக, வாசலில் உள்ள மேசையில் சிறு அட்டைகள் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். "எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் மருந்து வைத்திருக்கிறேன். என்னைப் பெண் அதிகாரி தனியறையில் சோதிக்கவும். என் பிள்ளையின் தொலைபேசி இலக்கம் இது" என்று எழுதியுள்ளது. இலக்கத்துக்கான இடம் வெறுமையாக உள்ளது. அதைப் பேரப்பிள்ளைகள் இன்றே தங்கள் கையால் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அஸ்தி கொண்டு செல்வோருக்குரிய அட்டை நீல நிறத்தில் தனியாக உள்ளது. மார்கழி விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்தவர்கள் அதையும் கொண்டு வந்தால், எங்கள் தன்னார்வலர்கள் உங்களோடு அமர்ந்து ஒவ்வொரு தரிப்பிடமாகப் பார்த்துத் தருவார்கள். மண்டபம் ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.